நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவம் ஒன்றின் வரலாற்றை எழுதும் முறை

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 1901-ஆம் ஆண்டுப் பருவத்தில் 11 ஆட்டங்களை ஆடி, அனைத்திலும் வென்று, 550 புள்ளிகளைக் குவித்தது. எதிரணிகள் பதினொன்றும் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இந்த எண்ணை நான் முதன்முதலில் பார்த்தபோது, இன்றைய மதிப்பின்படி டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, 6 புள்ளி என்று வைத்துக்கொண்டு ஆட்டவாரியாகக் கணக்குப் போடத் தொடங்கினேன். எந்த ஆட்டத்தின் கணக்கும் செய்தித்தாளில் கண்ட விவரத்தோடு ஒத்துவரவில்லை. 1901-இல் ஒரு டச்டவுனுக்கு 5 புள்ளிகளே வழங்கப்பட்டன என்பதை அறிந்த பிறகுதான் எல்லா எண்களும் தத்தம் இடத்தில் பொருந்தின. பழைய பருவம் ஒன்றைப் பற்றி எழுத நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடிய முதன்மையான அறிவுரை இதிலிருந்தே பிறக்கிறது: அணியைப் பற்றி ஒரு வரி எழுதும் முன், அந்த ஆண்டில் அந்த ஆட்டம் எந்த விதிகளின்படி ஆடப்பட்டது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே கால்பந்து என்று நான் குறிப்பிடுவது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தையே.

விதிகளை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதி, வேலை முடியும் வரை கண்ணெதிரே வைத்திருப்பது நல்லது. நூற்றாண்டு தொடங்கியபோது டச்டவுனுக்கு 5 புள்ளி, அதற்குப் பின் உதைக்கும் கோலுக்கு 1 புள்ளி, ஃபீல்டு கோலுக்கு (ஆட்டத்தின் போக்கில் களத்திலிருந்து பந்தை உதைத்து அடிக்கும் கோல்) 5 புள்ளி, சேஃப்டிக்கு (பந்தை வைத்திருப்பவரை அவருடைய கோல் கோட்டுக்குப் பின்னேயே மடக்குவது) 2 புள்ளி. ஒரு டச்டவுனும் ஒரு ஃபீல்டு கோலும் சம மதிப்புடையவையாக இருந்த காலம் அது என்பதைக் கவனியுங்கள். நல்ல உதைப்பாளர் ஒருவர் அன்று அணிக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தார் என்பது இந்த ஒரு விவரத்திலிருந்தே விளங்கும். ஃபீல்டு கோலின் மதிப்பு 1904-இல் 4 ஆகவும், 1909-இல் 3 ஆகவும் குறைந்தது. டச்டவுன் 1912-இல் 6 புள்ளியாக உயர்ந்தது. ஆகவே 1903, 1908, 1911, 1912 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஒரே எண்ணிக்கையில் டச்டவுனும் ஃபீல்டு கோலும் எடுத்த அணியின் மொத்தம், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரும்போது ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும்.

ஆடும் முறையும் இதே வேகத்தில் மாறியது. 1905 வரை, பந்தைத் தக்கவைத்துக்கொள்ள மூன்று முயற்சிகளில் 5 கெஜம் முன்னேறினால் போதும். 1906 முதல் அதே மூன்று முயற்சிகளில் 10 கெஜம் கடக்க வேண்டியிருந்தது. நான்காவது முயற்சி 1912-இல்தான் வந்தது. ஆட்ட நேரம் 1906-இல் 70 நிமிடங்களிலிருந்து 60 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டு, 1910-இல் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காகப் பிரிக்கப்பட்டது. களத்தின் நீளம் 1912 வரை 110 கெஜமாக இருந்து, அவ்வாண்டில் 100 கெஜமாகச் சுருங்கி, இரு முனைகளிலும் 10 கெஜ இறுதிப்பகுதி சேர்க்கப்பட்டது. எனவே 1908-ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஒருவர் 'களத்தின் நடுவிலிருந்து ஓடினார்' என்று செய்தித்தாள் சொன்னால், அவர் ஓடியது 50 கெஜம் அல்ல, 55 கெஜம்.

ஃபார்வர்டு பாஸ் எனப்படும் முன்னோக்கிய எறிதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்காலத்தைப் பற்றி எழுதுவோர் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். அது 1906-இல் சட்டபூர்வமாகியது உண்மை. ஆனால் அன்று எறிந்த பந்து எவர் கையும் படாமல் தரையில் விழுந்தால், எறிந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். பந்து ஆட்டத்துக்கு எடுக்கப்பட்ட இடத்திலிருந்து இடமோ வலமோ 5 கெஜம் விலகியே, இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டைப் பந்து கடக்க வேண்டும். 1910-இல் 20 கெஜத்துக்கு மேல் எறியக்கூடாது என்ற வரம்பு வந்து, 1912-இல் நீங்கியது. கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து டச்டவுன் பெறும் உரிமையும் 1912-இல்தான் கிடைத்தது. 1906 செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் வாக்கிஷாவில் கரோல் கல்லூரிக்கு எதிராகச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து பிடிபடாமல் விழ, பந்து எதிரணிக்குப் போனது. பின்னர் அவர் மறுபடியும் எறிந்த பந்தே டச்டவுனாக முடிந்தது. பயிற்றுநர் எடி காக்கம்ஸ் அந்த முறையை விடாமல் கையாண்டதால் அவ்வணி அப்பருவத்தின் 11 ஆட்டங்களையும் வென்றது. ஆனால் பெரும்பாலான அணிகள் இத்தனை இடர்களைத் தாங்கி எறியத் துணியவில்லை. ஆகவே 1907-ஆம் ஆண்டு அணி ஒன்று பந்தை அரிதாகவே எறிந்தது என்று அறிந்தால், அதன் பயிற்றுநரைப் பழமைவாதி என்று எழுதிவிடாதீர்கள்; தவறிய எறிதலுக்கு அன்று என்ன தண்டனை இருந்தது என்பதைச் சொல்லுங்கள், வாசகருக்கு அவருடைய தயக்கம் தானே புரியும்.

விதிகள் கையில் வந்த பின், ஆட்டங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட சாதனைப் பட்டியலைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக்கூடாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் இரு நகரங்களின் செய்தித்தாள்களிலும் தேடுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை எண்ணிம வடிவில் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. மாணவர் நாளிதழ்களும், ஆண்டு மலர்களும், ஸ்பால்டிங் நிறுவனம் ஆண்டுதோறும் விதிகளோடு வெளியிட்ட கால்பந்துக் கையேடுகளும் அடுத்து உதவுபவை. செப்டம்பர் இறுதியில் தொடங்கி, சனிக்கிழமைதோறும் ஆடி, நவம்பர் இறுதியில் நன்றி நவிலல் நாளில் முடிவதே வழக்கமான பருவம். தொடக்க வாரங்களில் உயர்நிலைப் பள்ளிகளும், மருத்துவக் கல்லூரிகளும், தம் கல்லூரியின் பழைய மாணவர்களும்கூட எதிரணிகளாக வருவதுண்டு. அவற்றுள் எதை அதிகாரபூர்வ ஆட்டமாகக் கொள்வது என்பதில் பட்டியல்கள் வேறுபடும். நீங்கள் எந்த அளவுகோலைக் கொண்டீர்கள் என்பதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, இறுதிவரை அதிலிருந்து வழுவாமல் நில்லுங்கள்.

ஆட்டங்களின் எண்ணிக்கையே ஒரு செய்தி என்பதை மறக்கக்கூடாது. 1906-இல் செயின்ட் லூயிஸ் 11 ஆட்டங்கள் ஆடியபோது, மிச்சிகனும் சிக்காகோவும் ஐந்தைந்துதான் ஆடின. வலிமை குறைந்ததோ பணம் தீர்ந்ததோ காரணமன்று; முந்தைய ஆண்டின் வன்முறையைக் கண்டு கலங்கிய மேற்கத்திய மாநாடு என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த பேராசிரியர்கள், உறுப்பினர் அணி ஒவ்வொன்றும் பருவத்துக்கு ஐந்து ஆட்டங்களே ஆடலாம் என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். இதற்கு நேர்மாறாக, தென்பகுதியின் சுவானி அணி 1899 நவம்பரில் ஆறே நாள்களில் ஆஸ்டின், ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், பேட்டன் ரூஜ், மெம்ஃபிஸ் ஆகிய ஐந்து ஊர்களுக்கு ரயிலில் பயணம் செய்து, ஐந்து ஆட்டங்களையும் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் வென்றது. இத்தகைய பருவத்தில் பயண அட்டவணையே கதையின் முதுகெலும்பு. நாள், ஊர், தூரம் ஆகியவற்றை ஆட்டக் கணக்குக்கு இணையாக எழுத வேண்டும்.

இனி ஒரு தனி ஆட்டத்தின் செய்தியைப் படிக்கும் விதம். முழுப்பத்தி வருணனையில் மயங்கிவிடாமல், செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் கட்டத்துக்கு முதலில் போங்கள். இடது எண்டு, டேக்கிள், கார்டு, சென்டர் என்று தொடங்கி ஃபுல்பேக் வரை ஆடும் இடங்களின் வரிசையில் இரு அணிகளின் பதினொருவர் பெயர்கள் இருக்கும். அதன் கீழே டச்டவுன் எடுத்தோர், டச்டவுனுக்குப் பின் கோல் உதைத்தோர், களத்திலிருந்து கோல் அடித்தோர், நடுவர்கள், இறுதியாகப் பாதிகளின் நேரம் ஆகியவை வரும். இந்தக் கடைசி வரியை யாரும் தவறவிடக்கூடாது. விதிப்புத்தகம் 35 நிமிடப் பாதிகளைச் சொன்னாலும், எளிய எதிரணியோடு ஆடும்போது இரு தலைவர்களும் பேசி, பாதிக்கு 20 நிமிடம், 25 நிமிடம் என்று சுருக்கிக்கொள்வது வழக்கம். 40 நிமிடத்தில் எடுத்த 40 புள்ளியும் 70 நிமிடத்தில் எடுத்த 40 புள்ளியும் ஒன்றல்ல.

கட்டத்தில் கண்ட விவரங்களை அந்த ஆண்டின் மதிப்புகளால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். 1902 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வென்றது. எட்டு டச்டவுன்களுக்கு 40, அவற்றுக்குப் பின் வந்த நான்கு கோல்களுக்கு 4, ஒரு ஃபீல்டு கோலுக்கு 5 எனக் கூட்டினால் 49 வருகிறது. இன்றைய மதிப்பில் அதுவே 55 ஆகியிருக்கும். எட்டில் நான்கு உதைகள் தவறின என்பதையும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது. அன்று டச்டவுன் எடுத்த இடத்துக்கு நேராகவே பந்தைப் பின்னுக்குக் கொண்டுவந்து உதைக்க வேண்டியிருந்ததால், களத்தின் ஓரத்தில் எடுத்த டச்டவுனுக்குப் பின் கோல் அடிப்பது கடினம் என்பதை இதற்கு விளக்கமாகச் சேர்க்கலாம். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கையிலேயே ஸ்டான்ஃபோர்டு தோல்வியை ஒப்புக்கொண்டு நிறுத்திக்கொண்டது. இன்று ரோஸ் பவுல் எனப்படும் இந்தப் புத்தாண்டு ஆட்டத்தை ஏற்பாடு செய்த பாசடீனா விழாக்குழு, அடுத்த கால்பந்து ஆட்டத்தை 1916-இல்தான் நடத்தியது. எனவே இடைப்பட்ட ஆண்டுகளின் அணி எதற்கும் அங்கே ஆட வாய்ப்பு இருக்கவில்லை. நாள் 1902 ஆனாலும் அந்த ஆட்டம் 1901-ஆம் ஆண்டுப் பருவத்தைச் சேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களுக்கான கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளியின் அணி இந்தக் கூட்டல் பயிற்சிக்கு இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. பாப் வார்னரின் பயிற்சியில் ஆடிய அவ்வணி, 1911-இல் ஹார்வர்டை 18–15 என்று வென்றபோது, ஜிம் தார்ப் நான்கு ஃபீல்டு கோல்கள் அடித்தார். அவற்றுக்கு 12, டச்டவுனுக்கு 5, அதற்குப் பின் கோலுக்கு 1 எனப் 18 ஆகிறது. அதே நான்கு ஃபீல்டு கோல்கள் 1903-இல் அடிக்கப்பட்டிருந்தால் 20 புள்ளி பெற்றுத் தந்திருக்கும். மறு ஆண்டு, 1912 நவம்பர் 9 அன்று, இதே கார்லைல் வெஸ்ட் பாயின்டில் ராணுவ அகாதமியை 27–6 என்று வென்றது. அந்த 27 நான்கு டச்டவுன்களும் மூன்று கோல்களும் சேர்ந்தது, ஏனெனில் டச்டவுனின் மதிப்பு அதற்குள் 6 ஆகிவிட்டது. ஓராண்டு இடைவெளியில் ஆடிய இவ்விரு ஆட்டங்களை அருகருகே வைத்து, எண்களை மட்டும் கொண்டு கார்லைலின் தாக்குதல் வலுப்பெற்றதாக எழுதினால் அது பிழையாகும்.

கூட்டல் ஒத்துவரவில்லை என்றால் மூன்று காரணங்களைத் தேடுங்கள். அந்த ஆண்டின் விதியை நீங்கள் தவறாகக் கொண்டிருக்கலாம். அச்சில் ஒரு கோல் விடுபட்டிருக்கலாம். அல்லது சேஃப்டி ஒன்று கட்டத்தில் இடம்பெறாமல் வருணனைக்குள் ஒளிந்திருக்கலாம். மற்ற நகரத்துச் செய்தித்தாள் பெரும்பாலும் இதைத் தீர்த்துவைக்கும்.

சமனில் முடிந்த ஆட்டங்கள் அன்று மிகுதி. கூடுதல் நேரம் கிடையாது. 0–0 என்ற முடிவைக் கண்டு மந்தமான ஆட்டம் என்று எழுத வேண்டாம். பந்தைத் தன் கோலுக்கு அருகில் வைத்திருப்பது ஆபத்து என்பதால், முதல் முயற்சியிலோ இரண்டாவதிலோ பந்தை நெடுந்தூரம் உதைத்து எதிரணியின் பிழைக்காகக் காத்திருப்பது அக்காலத்து அணிகளின் முறையான உத்தியாக இருந்தது. ஆட்டம் முழு நேரமும் நடந்ததா என்றும் பாருங்கள். 1903 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில் மிச்சிகனும் மின்னசோட்டாவும் 6–6 என்று சமனில் நின்றபோது, மின்னசோட்டாவின் டச்டவுனைக் கண்ட கூட்டம் களத்துக்குள் பாய்ந்ததால் ஆட்டம் முழுமை பெறாமலே நிறுத்தப்பட்டது.

ஆட்டக்காரர்களின் பெயர்களில் பொறுமை தேவை. செய்தித்தாள்கள் குடும்பப் பெயரை மட்டும் அச்சிட்டன, அதையும் வாரத்துக்கு ஒரு விதமாக எழுதின. சட்டைகளில் எண்கள் பொதுவழக்காகாத காலமாதலால், செய்தியாளரே யார் ஓடியது என்று தடுமாறியிருக்கிறார். பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவேட்டோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டுச் சரிபாருங்கள். 1910-க்கு முன் களத்தை விட்டு வெளியேறியவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது; எனவே தாக்குதலிலும் தடுப்பிலும் பெரும்பாலும் அதே பதினொருவரே முழு நேரமும் நின்றார்கள். காயமுற்றும் வெளியேறாமல் ஆடியவரைப் பற்றிப் படிக்கும்போது இந்த விதியை நினைவில் கொள்ளுங்கள். எறிந்த தூரம், தடுப்புகளின் எண்ணிக்கை போன்ற இன்றைய புள்ளிவிவர அட்டவணைகளை அந்தப் பருவத்துக்கு வலிந்து நிரப்ப வேண்டாம். செய்தியாளர் எண்ணிச் சொன்னதை மட்டும் எழுதுங்கள். 1913 நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்டில் நோட்ர டேம் 35–13 என்று வென்ற ஆட்டத்தில், கஸ் டோரே எறிந்த 17 பந்துகளில் 14 பிடிபட்டு 243 கெஜம் கிடைத்தது என்று நமக்குத் தெரிவது அதன் புதுமை கண்டு அன்றே எண்ணப்பட்டதால்தான்.

அணிப் பெயர்களையும் காலத்துக்கு ஏற்ப எழுத வேண்டும். நோட்ர டேம் 'ஃபைட்டிங் ஐரிஷ்' என்ற பெயரை அதிகாரபூர்வமாக ஏற்றது 1927-இல். 1913-ஆம் ஆண்டு அணியை அப்படி அழைப்பது பொருந்தாது. மேற்கத்திய மாநாட்டை 'பிக் டென்' என்று 1905-இல் அழைக்க இயலாது. அன்று அதில் ஒன்பது உறுப்பினர்களே இருந்தனர். இதைவிடப் பெரிய பொறி ஒன்று மேற்குக் கரையில் இருக்கிறது: 1906 முதல் ஸ்டான்ஃபோர்டு 1917 வரையும் கலிஃபோர்னியா 1914 வரையும் ரக்பியை ஆடின, ஆனால் ஆவணங்களில் அது 'ஃபுட்பால்' என்ற பெயரிலேயே தொடரும். கொலம்பியா 1905-க்குப் பின் பத்தாண்டுக்கு ஆட்டத்தையே கைவிட்டது.

இவற்றுக்கெல்லாம் வேரான 1905-ஐ ஒவ்வொரு பருவ வரலாறும் தொட்டாக வேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் மேல் ஒருவராக மோதி அழுத்தும் திரள் ஆட்டத்தால் உயிரிழப்புகள் தொடர, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வாண்டு அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆண்டின் இறுதியில் கூடிய கல்லூரிகள் உருவாக்கிய அமைப்பே 1910-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகப் பெயர் மாறியது. களத்தை 40 அடி அகலப்படுத்தி நெரிசலைக் குறைக்கலாம் என்று யேலின் வால்டர் கேம்ப் முன்மொழிந்தார். 1903-இல் கான்கிரீட்டால் கட்டி முடித்த ஹார்வர்டு அரங்கை அகலமாக்க வழியில்லை என்பதும் சேர்ந்தே முன்னோக்கிய எறிதலுக்குக் கதவைத் திறந்தது. உங்கள் அணி 1906-க்கு முன் ஆடியதா, பின் ஆடியதா என்பதை வாசகர் முதல் பத்தியிலேயே அறிய வேண்டும்.

'தேசியச் சாம்பியன்' என்ற சொல்லைக் கையாளும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். வாரந்தோறும் தரவரிசை வெளியிடும் அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பு 1936-இல்தான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய பட்டங்கள் பெரும்பாலும் ஹெல்ம்ஸ் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பிற்காலத்தில் திரும்பிப் பார்த்து வழங்கியவை. 'பிற்காலத்தில் இன்ன அமைப்பு இவ்வணியைத் தேர்ந்தது' என்று எழுதுங்கள். அந்தப் பருவத்தில் ஆடியவர்கள் அந்தப் பட்டத்தை அறிந்திருக்கவில்லை.

எழுத உட்காரும்போது ஆட்டத்துக்கு ஒரு பத்தி என்று சமமாகப் பங்கிட வேண்டாம். பயிற்றுநர் ஃபீல்டிங் யோஸ்டின் மிச்சிகன் அணி 1905-இல் 13 ஆட்டங்களில் 495 புள்ளிகள் எடுத்து, 2 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. முதல் 12 வெற்றிகளை ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். எஞ்சிய இடமெல்லாம் நவம்பர் 30 அன்று சிக்காகோவில் அமோஸ் அலொன்சோ ஸ்டாக்கின் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கு உரியது. இரண்டாம் பாதியில் சிக்காகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டைத் தாண்டியது. அதைப் பிடித்த மிச்சிகன் ஆட்டக்காரர் அங்கேயே தரையில் வைத்திருந்தால் புள்ளி எதுவும் போயிருக்காது. அவர் வெளியே ஓடி வர முயன்றார், சிக்காகோவின் இருவர் அவரைப் பிடித்துக் கோட்டுக்குப் பின்னே தள்ளினார்கள். சேஃப்டி, 2–0. தொடர்ந்து 56 ஆட்டங்கள் தோல்வியறியாமல் வந்த அணியின் ஓட்டம் அந்த இடத்தில் நின்றது. இங்கே உதையின் தூரம், பிடித்த இடம், தடுத்தவர்கள் நின்ற நிலை ஆகிய ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு செய்தித்தாள்களிலாவது ஒப்பிட்டு, வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பந்தைப் பிடித்தவரின் பிழையை எழுதும்போது, அவர் கல்லூரி மாணவர் என்பதையும், கணப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும், கட்டுரையில் நீங்கள் எழுதிய ஆட்டவாரிப் புள்ளிகளை மட்டும் தனித்தாளில் எடுத்தெழுதி, பருவத்தின் மொத்தத்தோடு கூட்டிப் பாருங்கள். வெற்றி, தோல்வி, சமன் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் அதே தாளில் சரிபாருங்கள். ஓரிடத்தில் ஒரு புள்ளி ஒத்துவராவிட்டாலும், டச்டவுனுக்குப் பின் வந்த கோல் ஒன்றைத் தேடி மீண்டும் அந்தச் செய்தித்தாளின் அடிக்கட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.